பிஎம்எஸ் பேசவில்லை என்று யார் சொன்னது?

கோவையில் எங்கள் பட்டறைக்கு வந்த அந்த மின்சார ஆட்டோவின் ஓட்டுநர், வணக்கம் சொல்வதற்கு முன்பே இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு சாக்குப் பையை எடுத்து என் மேசைமேல் வைத்தார். உள்ளே, பேட்டரியைக் கண்காணிக்கும் பிஎம்எஸ் பலகை ஒன்று பழைய செய்தித்தாளில் சுற்றப்பட்டிருந்தது. அது பழுதாகிவிட்டது என்று சொல்லி வேறோரிடத்தில் அதைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்தி அனுப்பியிருக்கிறார்கள். பதினோரு நாள் கழித்து அதே பழுது திரும்பவும் வந்திருக்கிறது. இரண்டாம் முறை போனபோது, பேட்டரி பேக்கையே மாற்ற வேண்டும் என்று ஒரு மதிப்பீட்டுத் தாளைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தாளில் இருந்த தொகைக்குப் பழைய ஆட்டோ ஒன்றையே வாங்கிவிடலாம்.

“மேடு ஏறும்போது மட்டும்தானுங்க தம்பி நிக்குது. சமதளத்துல ஒண்ணுமே சொல்றதில்லீங்க. காந்திபுரம் பாலத்துல நாலு பேர ஏத்திக்கிட்டுப் போனா, பாதியில டப்புனு ஆப் ஆயிருது. சாவியத் திருப்பிப் போட்டா மறுபடி ஓடுது” என்றார்.

பழுது பார்ப்பவனுக்கு இதைவிடத் தெளிவான வாக்குமூலம் கிடைக்காது. சுமை, மேடு, சாவி ஆகிய மூன்று தடயங்களும் அந்த நான்கு வரிகளில் இருந்தன. ஆனால் வண்டியின் திரையில் தெரிந்த ‘பேட்டரி தொடர்புப் பிழை’ என்ற ஒற்றை வரியை மட்டும் படித்துவிட்டு, பேட்டரியையும் அதன் பலகையையும் சந்தேகிப்பதுதான் வழக்கமாக நடக்கிறது. அந்த வரியை எழுதியது பேட்டரி அல்ல என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலர்தான் அதை எழுதுகிறது. ‘எனக்கு வர வேண்டிய செய்தி குறித்த நேரத்துக்குள் வரவில்லை’ என்பதே அதன் முழுப் பொருள். புகார் கொடுத்தவரின் பெயர் நமக்குத் தெரிகிறது, புகாரில் யார் பெயர் இருக்கிறது என்பதும் தெரிகிறது. குற்றம் எங்கே நடந்தது என்பது மட்டும் அதில் இல்லை. செய்தியை அனுப்ப வேண்டியவர் அனுப்பாமல் இருந்திருக்கலாம், அனுப்பியது வழியில் சிதைந்திருக்கலாம், வந்து சேர்ந்ததைக் கேட்க வேண்டியவருக்குக் காது அடைத்திருக்கலாம், அல்லது இவர்கள் யாருக்கும் தொடர்பில்லாத நான்காம் ஆள் ஒருவர் நடுவில் புகுந்து கூச்சல் போட்டிருக்கலாம்.

இந்த வண்டியின் பேக்கில் லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்கள் 16 தொடரில் இருந்தன. ஒரு செல்லுக்கு 3.2 வோல்ட் என்ற கணக்கில் மொத்தம் 51.2 வோல்ட். ஒவ்வொரு செல்லின் மின்னழுத்தம், பேக்கின் உள்ளே சில இடங்களின் வெப்பநிலை, ஓடும் மின்னோட்டம், மீதமுள்ள சார்ஜ், இப்போதைக்கு எவ்வளவு ஆம்பியர் வரை இழுக்கலாம் என்ற அனுமதி ஆகியவற்றை பிஎம்எஸ் 100 மில்லிநொடிக்கு ஒரு முறை கன்ட்ரோலருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. இந்தச் செல்களை ஏறத்தாழ 3.65 வோல்ட்டுக்கு மேலே ஏற்றவும் கூடாது, 2.5 வோல்ட்டுக்குக் கீழே இறக்கவும் கூடாது. செய்தி நின்றுவிட்டால் கன்ட்ரோலருக்கு இவை எதுவுமே தெரியாது. கண்ணைக் கட்டிக்கொண்டு நூறு ஆம்பியருக்கு மேல் இழுப்பதைவிட நிறுத்திவிடுவது மேல் என்றுதான் அதை எழுதியவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். 2022ஆம் ஆண்டின் கோடையில் மின்சார ஸ்கூட்டர்கள் அடுத்தடுத்துத் தீப்பற்றியதும், அதன்பின் மின்சார இருசக்கர, மூன்றுசக்கர வண்டிகளுக்கான ஏஐஎஸ் 156 பாதுகாப்புத் தரவிதியின் திருத்தங்கள் 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 என இரண்டு கட்டங்களாக நடைமுறைக்கு வந்ததும் நினைவிருப்பவர்கள் இந்த எச்சரிக்கையைக் குறை சொல்ல மாட்டார்கள். மேம்பாலத்தின் நடுவில், பின்னால் பேருந்து வந்துகொண்டிருக்கும்போது, வேகத்தைப் படிப்படியாகக் குறைக்காமல் ஒரேயடியாக நிறுத்துவது பாதுகாப்புதானா என்று எனக்குள்ள மனக்குறை தனி. ஓட்டுநர் என்னிடம் கேட்டதும் அதைத்தான்.

செய்தி போகும் வழியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்தில் 1983இல் உருவாக்கத் தொடங்கப்பட்டு, 1986 பிப்ரவரியில் டெட்ராய்ட்டில் நடந்த வாகனப் பொறியாளர் மாநாட்டில் வெளியிடப்பட்ட கேன் என்னும் முறைதான் இன்றும் ஆட்டோ முதல் பேருந்து வரை இந்த வேலையைச் செய்கிறது. கேன் ஹை, கேன் லோ என்ற இரண்டு வயர்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு ஓடுகின்றன. யாரும் பேசாதபோது இரண்டும் ஏறத்தாழ 2.5 வோல்ட்டில் நிற்கும். ஒருவர் பேசும்போது ஹை 3.5 வரை ஏறும், லோ 1.5 வரை இறங்கும். கேட்பவர்கள் இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை மட்டுமே கவனிக்கிறார்கள். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு வயர்களையும் ஒரே அளவில் தூக்கினாலும் வேறுபாடு மாறுவதில்லை என்பதே இந்த ஏற்பாட்டின் பலம். அந்தத் தாங்குதிறனுக்கும் ஒரு வரம்பு உண்டு என்பது கதையின் பிற்பகுதிக்குத் தேவைப்படும்.

முதல் சோதனைக்கு லேப்டாப் வேண்டாம், மல்டிமீட்டர் போதும். கேன் வயரின் இரு கோடிகளிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று இருக்க வேண்டும். அவை இணையாக அமைவதால், வண்டியை முழுமையாக அணைத்துவிட்டு ஹைக்கும் லோவுக்கும் இடையே அளந்தால் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு கோடியின் தடை இல்லை, அல்லது அங்கே போகும் வழியில் வயர் அறுந்திருக்கிறது. சுழியத்தை ஒட்டிக் காட்டினால் இரண்டு வயர்களும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன. முழுமையாக அணைத்துவிட்டு என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனெனில் சாவியை எடுத்த பிறகும் சில வண்டிகளில் பேக்கின் மின்னழுத்தத்தை 12 வோல்ட்டாக இறக்கும் கன்வெர்ட்டர் சிறிது நேரம் உயிருடன் இருக்கும், அந்த நேரத்தில் அளக்கும் ஓம் எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை.

இந்த வண்டியில் 40 காட்டியது.

மூன்று 120 ஓம் தடைகள் இணையாக இருந்தால்தான் 40 வரும். அப்படியானால் வரிசையில் கூடுதலாக ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். டேஷ்போர்டைக் கழற்றிப் பார்த்தபோது, மீட்டருக்குப் பின்னால் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய கறுப்புப் பெட்டி ஒன்று டேப் சுற்றி ஒட்டப்பட்டிருந்தது. கடன் கொடுத்தவர்கள் பொருத்திய ஜிபிஎஸ் கருவி. தவணை தவறினால் வண்டி எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்வதற்காக வைக்கப்படுவது. பொருத்தியவர் பேட்டரியின் சார்ஜ் அளவையும் படிக்க விரும்பி, கேன் வயர்களின் உறையை நடுவில் சீவி, முறுக்கு இல்லாத இரண்டு வயர்களை அரை மீட்டர் நீளத்துக்கு இழுத்திருந்தார். கருவிக்குள்ளேயே ஒரு 120 ஓம் தடை இருந்தது. ஓட்டுநருக்கு அப்படியொரு பெட்டி இருப்பதே அதுவரை தெரியாது. அவர் அதைப் பார்த்த பார்வையை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியாது.

கருவியின் கேன் இணைப்பை மட்டும் துண்டித்தேன், மீட்டர் 60.4 காட்டியது. பழுது பிடிபட்டுவிட்டது என்ற மகிழ்ச்சியில், நான்கு பேருக்குப் பதிலாக நான்கு சிமென்ட் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மேம்பாலத்துக்குப் போனோம். அதே இடத்தில் வண்டி நின்றது.

உண்மையில் நான் மகிழ்ந்திருக்கக் கூடாது. 40 ஓம் என்பது தவறுதான், ஆனால் கேன் சிப்புகள் அதைத் தாங்கும். வேறுபாடு 2 வோல்ட்டிலிருந்து சற்று இறங்கும், அவ்வளவே. 0.9 வோல்ட் கிடைத்தால் கேட்பவர் கேட்டுவிடுவார். மேலும் அந்தத் தடைக்கு மேடும் பள்ளமும் தெரியாது. சுமையோடு மேடு ஏறும்போது மட்டும் வரும் பழுதுக்கு, எப்போதும் இருக்கும் ஒன்றைக் காரணமாகக் காட்டியது என் அவசரம். முதலில் கண்ணில் பட்ட குறையையே தேடிய குறை என்று நம்பிவிடும் இந்தப் பழக்கம் எனக்கு இன்னும் முழுதாகப் போகவில்லை. சாக்குப் பையில் இருந்த பலகையை மாற்றியவரும் அநேகமாக இதே வழியில்தான் போயிருப்பார்.

அடுத்தது கேன் செய்திகளைப் பதிவு செய்யும் கருவி. அதை இணைப்பதற்கு முன் என்னுடைய இரண்டு பழைய தவறுகளை ஒப்புக்கொள்ள வேண்டும், ஏனெனில் இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் இரண்டையும் கட்டாயம் செய்வார்கள். ஒன்று, வேகத்தைத் தவறாக வைத்தது. விநாடிக்கு 250 கிலோபிட்டில் பேசிக்கொண்டிருந்த ஒரு வண்டியில் என் கருவியை 500இல் வைத்து, கேட்பதோடு நில்லாமல் பேசவும் அனுமதித்து இணைத்தேன். கேன் முறையில் செய்தி தவறாகப் படுகிறது என்று எந்த உறுப்பினர் நினைத்தாலும் உடனே குறுக்கிட்டு அந்தச் செய்தியை அழிக்கும் உரிமை அவருக்கு உண்டு. என் கருவிக்கு எல்லாச் செய்தியும் தவறாகவே பட்டது, ஒவ்வொன்றையும் அழித்தது. நன்றாக நின்றிருந்த வண்டியில் ஒவ்வொரு பிழை விளக்காக எரியத் தொடங்கியது. அன்றிலிருந்து முதலில் ‘கேட்பது மட்டும்’ என்ற நிலையில்தான் இணைக்கிறேன்.

இரண்டாவது தவறு அதற்கு நேர்மாறானது. ஒரு பிஎம்எஸ் பலகையைத் தனியாக மேசையில் வைத்து, ‘கேட்பது மட்டும்’ நிலையில் இருந்த கருவியை அதனுடன் இணைத்துப் பார்த்தேன். ஒரே செய்தி ஓய்வில்லாமல் திரும்பத் திரும்ப வந்தது, ஒவ்வொன்றின் முடிவிலும் பிழை. பலகை போய்விட்டது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். கேன் செய்தியின் வால்பகுதியில் ஒரு பிட் இடம் காலியாக விடப்படுகிறது. கேட்டவர்களில் யாராவது ஒருவர் அங்கே ‘கிடைத்தது’ என்று குறி வைக்க வேண்டும். ஒருவரும் வைக்காவிட்டால், அனுப்பியவர் தன் செய்தி யாரையும் அடையவில்லை என்று கருதி மறுபடி அனுப்புவார். என் கருவி காது மட்டும் கொடுத்ததே தவிர ‘உம்’ கொட்டவில்லை. கதை சொல்பவருக்கு ‘உம்’ கொட்ட ஆளில்லாவிட்டால் எப்படியோ அப்படித்தான் அந்தப் பலகையும் தவித்திருக்கிறது. நல்ல பலகை ஒன்று என் கையெழுத்தோடு குப்பைக்குப் போனது.

ஆட்டோவுக்கு வருவோம். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு சிமென்ட் மூட்டைகளின் நடுவே உட்கார்ந்து, மேம்பாலத்தில் மூன்று முறை ஏறி இறங்கினேன். பதிவில் தெரிந்தது இது. சமதளத்தில் பிஎம்எஸ் செய்திகள் 100 மில்லிநொடிக்கு ஒன்றாக, பிசகாமல் வந்தன. ஏற்றம் தொடங்கி மின்னோட்டம் 100 ஆம்பியரைத் தாண்டியதும் பிழைக் குறிகள் ஒன்றிரண்டு தலைகாட்டின. 120ஐ நெருங்கும்போது அவை கொத்தாக வந்தன. பிறகு பிஎம்எஸ் செய்திகள் மட்டும் அடியோடு காணாமல் போயின. கன்ட்ரோலரும் மீட்டரும் தங்களுக்குள் தொடர்ந்து பேசிக்கொண்டே இருந்தன. ஒரு விநாடி கழித்துக் கன்ட்ரோலர் தன் புகாரை எழுதி வண்டியை நிறுத்தியது. மின்னோட்டம் சுழியமான சிறிது நேரத்தில் பிஎம்எஸ் எதுவும் நடக்காதது போல மறுபடி பேசத் தொடங்கியது. ஆனால் எழுதிய புகாரைச் சாவி திருப்பும் வரை கன்ட்ரோலர் திரும்பப் பெறவில்லை.

இது கேன் முறையில் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும் விதம். ஒவ்வொரு உறுப்பினரும் தன்னைப் பற்றித் தானே ஒரு கணக்கு வைத்திருக்கிறார். அனுப்பிய செய்தி பிழையானால் கணக்கில் 8 கூடும், நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தால் 1 குறையும். கணக்கு 127ஐத் தாண்டினால் அவர் மற்றவர்களின் செய்திகளை அழிக்கும் உரிமையை இழக்கிறார். 255ஐத் தாண்டினால் தன்னைத்தானே வரிசையிலிருந்து விலக்கிக்கொள்கிறார். ஒரு பலகை பழுதாகிக் கூச்சல் போட்டு எல்லோர் பேச்சையும் கெடுக்காமல் இருக்கச் செய்த ஏற்பாடு இது, அதன் நேர்மையை நான் எப்போதும் வியப்பேன்.

இந்த 8க்கும் 1க்கும் உள்ள ஏற்றத்தாழ்வைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆட்டோவின் நடத்தை புரிந்துவிடும். ஒன்பது முயற்சிகளில் ஒன்று தவறினால் 8 கூடி, மற்ற எட்டும் சேர்ந்து அந்த 8ஐக் கழித்துவிடும். அந்த எல்லைக்குள் இருக்கும்வரை வெளியில் எந்தக் குறையும் தெரியாது, வண்டி ஓடும். அதைத் தாண்டியதும் கணக்கு ஏறிக்கொண்டே போகும், இறங்காது. தொடர்ச்சியாக 32 முறை தவறினால் 256 ஆகிவிடும். தவறிய செய்தியை கேன் சிப் அடுத்த 100 மில்லிநொடிவரை காத்திருக்காமல் உடனுக்குடன் மறுபடி அனுப்புவதால், 250 கிலோபிட் வேகத்தில் இந்த 32 முயற்சிகளும் ஏறத்தாழ 20 மில்லிநொடிக்குள் முடிந்துவிடும். கண்ணிமைக்கும் நேரம்கூட வேண்டாம். சமதளத்தில் மாதக்கணக்கில் சகித்துக்கொள்ளப்பட்ட ஒரு நோய், மேம்பாலத்தில் ஒரு நொடியில் ஆளைச் சாய்ப்பது போலத் தோன்றுவதற்குக் காரணம் இதுதான். விலகியவர் திரும்பி வர வேண்டுமானால், வரிசை 11 பிட் நேரம் அமைதியாக இருப்பதை 128 முறை பார்க்க வேண்டும் என்பது விதி. அதன்பின் உடனே வருவதா, பொறுத்து வருவதா, வராமலே இருப்பதா என்பதை அந்தந்தப் பலகையின் மென்பொருளை எழுதியவர் முடிவு செய்கிறார்.

ஆக, வரிசையில் மற்றவர்கள் பேசிக்கொள்ள முடிகிறது, பிஎம்எஸ் மட்டும் வெளியேறுகிறது. இந்த இடத்தில் பலகையைக் குற்றம் சொல்லத்தான் யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியிருக்கும், சாக்குப் பை மட்டும் மேசையில் இல்லாவிட்டால். பழைய பலகையும் இதையே செய்தது, புதிய பலகையும் இதையே செய்கிறது. இரண்டு பலகைகளுக்கும் பொதுவானது என்ன? உட்கார்ந்த இடம், இணைந்த வயர், நின்ற தரை. தரை என்று நான் சொல்வது கிரவுண்டை, அதாவது ஒவ்வொரு பலகையும் மின்னழுத்தத்தை அளக்கும்போது சுழியமாக எடுத்துக்கொள்ளும் புள்ளியை.

கேன் கேட்பவர்கள் வேறுபாட்டை மட்டுமே கவனிப்பார்கள் என்றேன். அந்த இரு வயர்களும் சேர்ந்து எவ்வளவு உயரத்தில் அல்லது ஆழத்தில் இருக்கலாம் என்பதற்கு, கேட்பவரின் கிரவுண்டிலிருந்து பார்க்கும்போது, மைனஸ் 2 முதல் பிளஸ் 7 வோல்ட் வரை என்று கேன் தரவிதியின் பழைய பதிப்பு எல்லை வகுத்திருந்தது. பேசுபவரும் கேட்பவரும் ஒரே தரையில் நின்றால் கவலையில்லை. ஒருவர் நிற்கும் தரை மட்டும் திடீரென்று சில வோல்ட் மேலே எழும்பினால், அவர் சொல்வது மற்றவருக்கும் மற்றவர் சொல்வது அவருக்கும் எட்டாமல் போகும். இந்த வண்டியில் பிஎம்எஸ் நின்றது பேக்கின் எதிர்முனையில் (மைனஸ் முனையில்), கன்ட்ரோலர் நின்றது தன்னுடைய எதிர்முனையில். இரண்டையும் இணைப்பது பெருவிரல் தடிமனுள்ள கறுப்புக் கேபிள், நடுவில் பேக்கைக் கழற்றுவதற்கான பெரிய கனெக்டர். இவை போதாதென்று, கேன் வயர்களோடு சேர்ந்து ஒரு மெல்லிய கிரவுண்ட் வயரும் இரண்டுக்கும் இடையே ஓடியது.

மல்டிமீட்டரின் ஒரு முனையை பேக்கின் எதிர்முனையிலும் மறுமுனையை கன்ட்ரோலரின் எதிர்முனையிலும் நிலையாகக் கட்டிவிட்டு மறுபடி மேம்பாலத்துக்குப் போனோம். நின்றிருக்கும்போது சில மில்லிவோல்ட். 120 ஆம்பியரில் 0.7 வோல்ட். எண் சிறியதாகத் தெரியலாம், ஆனால் 0.7ஐ 120ஆல் பெருக்கினால் 84 வாட் வருகிறது. மூன்று சாலிடரிங் அயர்ன்களின் சூடு அந்தக் கேபிளில் எங்கோ ஓரிடத்தில் வீணாகிறது என்று பொருள். மேலும் மல்டிமீட்டர் சராசரியைத்தான் சொல்லும். மின்னழுத்தம் கணத்துக்குக் கணம் ஏறி இறங்குவதைத் திரையில் வரைந்து காட்டும் அலைக்காட்டியில் பார்த்தபோது, வண்டி ஒவ்வொரு முறை குலுங்கும்போதும் சராசரிக்கு மேலே மின்னழுத்தம் ஊசி ஊசியாக எழுந்தது, அந்த ஊசிகளில் சில 10 வோல்ட்டையும் தாண்டின. அலைக்காட்டியை இப்படி வண்டியில் மாட்டும்போது அது பேட்டரியில் இயங்குவதாக இருக்க வேண்டும். சுவர் மின்சாரத்தில் இயங்கும் கருவியின் கிரவுண்ட் கிளிப்பைத் தவறான இடத்தில் மாட்டினால், பழுதோடு பழுதாகக் கருவியும் போகும்.

கனெக்டரைப் பிரித்தேன். நேர்முனைத் தொடுதகடு வெள்ளியாய்ப் பளபளத்தது. எதிர்முனைத் தகடு கறுத்து, அதை அழுத்திப் பிடிக்க வேண்டிய ஸ்பிரிங் சூட்டில் தளர்ந்து, கையால் அசைத்தால் ஆடியது. கனெக்டரின் உறையும் அந்தப் பக்கம் மட்டும் சற்று உருகியிருந்தது. பிறகு கேன் வயர்களின் உறையைப் பிரித்து அந்த மெல்லிய கிரவுண்ட் வயரைத் தேடினேன். ஓரடி நீளத்துக்கு அதன் மேலுறை பழுப்பேறிக் கொப்பளித்திருந்தது, உள்ளே செம்பு அறுந்திருந்தது. வெளியிலிருந்து தொட்டுப் பார்த்தால் வயர் முழுமையாக இருப்பது போலவே இருக்கும்.

நடந்ததைப் பின்னாலிருந்து முன்னுக்குக் கோத்தால் இப்படி வருகிறது. பேக்கைக் கழற்றி மாட்டிய ஏதோ ஒரு நாளில் பெரிய கனெக்டர் முழுதாக உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளவில்லை. எதிர்முனைத் தொடுகை தளர்ந்து சூடேறியது. பெரிய வழியில் தடை கூடியபோது, மோட்டாரின் மின்னோட்டத்தில் ஒரு பங்கு செய்திக்காகப் போடப்பட்ட மெல்லிய கிரவுண்ட் வயரில் புகுந்து ஓடியது. சில ஆம்பியருக்கு மேல் தாங்க முடியாத அந்த வயர் வெந்து அறுந்தது. அதுவரை இரண்டு தரைகளையும் ஓரளவு ஒட்ட வைத்திருந்த வழி அதோடு போயிற்று. அதன்பிறகு பிஎம்எஸ்ஸும் கன்ட்ரோலரும் ஆடும் தகடு ஒன்றின் வழியாக மட்டுமே ஒரே தரையில் நின்றன. பேக்கை மாற்றியிருந்தாலும், வண்டிப் பக்கத்துப் பாதிக் கனெக்டரும் அறுந்த வயரும் அப்படியே இருந்திருக்கும். புதிய பேக்கும் சில நாளில் மேம்பாலத்தில் நின்றிருக்கும். ஜிபிஎஸ் கருவியின் முறுக்கில்லா வயர்கள் இதற்குத் தம் பங்குக்கு இரைச்சல் சேர்த்திருக்கும் என்பதையும் மறுக்க மாட்டேன், ஆனால் தலைமைக் குற்றவாளி அது அல்ல.

கார்களிலும் பேருந்துகளிலும் உள்ள பெரிய பேக்குகளில் இதே தேடல் இன்னொரு அடுக்கு உள்ளே போகும். அங்கே 96 செல்கள் தொடரில் இருந்தால், 12 செல்லுக்கு ஒன்றாக எட்டுக் கண்காணிப்புப் பலகைகள் இருக்கும். அவை தலைமைப் பலகையோடு கேனில் பேசாமல், சிறிய மின்மாற்றிகள் வழியாகக் கைக்குக் கை தண்ணீர்க்குடம் மாற்றுவது போல வரிசையாகச் செய்தியை நகர்த்துவது பரவலான முறை. லீனியர் டெக்னாலஜி என்ற சிப் நிறுவனம் அறிமுகப்படுத்திய ஐசோ எஸ்பிஐ அந்த வகை. இந்த வரிசையில் பழுது தன் இருப்பிடத்தைத் தானே சொல்லிவிடும். ஐந்தாம் பலகை வரை பதில் வந்து, ஆறு, ஏழு, எட்டு மூன்றும் ஊமையானால், மூன்று பலகைகளும் ஒரே நாளில் செத்துவிட்டன என்று நம்புவதைவிட ஐந்துக்கும் ஆறுக்கும் இடையிலுள்ள வயரைப் பார்ப்பது நல்லது. ஒவ்வொரு பதிலோடும் ஒரு சரிபார்ப்பு எண் வருகிறது. அது எப்போதாவது தவறுகிறதா, வண்டி நிற்கும்போதும் தவறுகிறதா, மின்னோட்டம் கூடும்போது மட்டும் தவறுகிறதா என்று மூன்றாகப் பிரித்துப் பார்த்தாலே தளர்ந்த கனெக்டரையும் இரைச்சலையும் வேறுபடுத்திவிடலாம். ஆனால் அந்தப் பேக்குகள் 350 வோல்ட் அளவில் இருப்பவை. 60 வோல்ட்டைத் தாண்டிய நேர்மின்சாரம் (டிசி) உயிரைப் பறிக்கக்கூடியது என்பதால், அவற்றைத் திறப்பதற்கான பயிற்சியும் உயர் மின்னழுத்தக் கையுறையும் துண்டிப்பு முறைகளும் இல்லாதவர் வெளிக் கனெக்டரோடு நின்றுவிட வேண்டும். இதில் நான் யாருக்கும் சலுகை கொடுப்பதில்லை.

வேக சார்ஜரில் வரும் தொடர்புப் பிழைக்கு இந்தக் கட்டுரை அதிகம் உதவாது. சிசிஎஸ் 2 என்னும் வேக சார்ஜர் வகையில் வண்டியும் சார்ஜரும் பேசிக்கொள்வது கேனில் அல்ல, பைலட் என்னும் ஒற்றை வயரில் ஏற்றி அனுப்பப்படும் உயர் அலைவெண் செய்திகளில். அங்கே கேன் கருவியை மாட்டிவிட்டு ஒன்றும் வரவில்லையே என்று காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆட்டோவுக்குக் கனெக்டரின் இரண்டு பாதிகளையும் புதிதாக மாற்றினோம். ஒரு பாதியை மட்டும் மாற்றினால், கறுத்த பழைய தகடு புதிய தகட்டையும் சில வாரங்களில் கெடுத்துவிடும். கேன் வயர்களோடு புதிய கிரவுண்ட் வயரையும் சேர்த்து முறுக்கிப் போட்டோம். ஜிபிஎஸ் கருவியைக் கழற்றும் உரிமை ஓட்டுநருக்கு இல்லை என்பதால், அதன் மின்சார இணைப்பை மட்டும் விட்டுவைத்து கேன் இணைப்பை நிரந்தரமாக நீக்கினோம், அதைக் கடன் கொடுத்தவர்களுக்கும் எழுதித் தெரிவிக்கச் சொன்னேன். மேம்பாலத்தில் மறுபடி ஏறியபோது, 125 ஆம்பியரில் இரண்டு தரைகளுக்கும் இடையே 60 மில்லிவோல்ட் இருந்தது. ஐந்து முறை ஏறி இறங்கிய பதிவில் ஒரு பிழைக் குறிகூட இல்லை. பொருளுக்கு ஆன செலவு, அந்த மதிப்பீட்டுத் தாளின் ஓரத்தில் எழுதக்கூடிய அளவுதான்.

அவர் கிளம்பும் முன் சாக்குப் பையில் இருந்த பழைய பலகையை மேசையில் வைத்து, செல்களுக்குப் பதிலாகத் தடைகளை வரிசையாகக் கோத்து 16 செல்களின் மின்னழுத்தத்தைக் கொடுத்தேன். இரு கோடியிலும் 120 ஓம் வைத்து, இம்முறை ‘உம்’ கொட்ட இன்னொரு கேன் பலகையையும் வரிசையில் சேர்த்தேன். மின்சாரம் கொடுத்த உடனேயே அது பேசத் தொடங்கியது. 100 மில்லிநொடிக்கு ஒன்று, பிழைக் கணக்கு சுழியம். அரை மணி நேரம் ஓடவிட்டும் அது சுழியத்திலேயே நின்றது.

“அப்ப இது கெட்டே போகலீங்களா?” என்று கேட்டார். இல்லை என்றேன். சிறிது நேரம் திரையில் ஓடிய எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர், பலகையை அதே செய்தித்தாளில் சுற்றிச் சாக்குப் பையில் போட்டு இருக்கைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.